வயதா, வெயிலா? பழைய ரெட் ஒயினைச் சுவைத்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதித் தொழில் செய்கிற வீடுகளில், வெளிநாட்டு பையர் பரிசாகக் கொடுத்த ரெட் ஒயின் பாட்டில் ஒன்று ஷோகேஸில் நின்றுகொண்டிருக்கும். கோவையில் மகனோ மகளோ சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பாட்டில் பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே கிடக்கும். பத்து வருடம் கழித்து ஒரு விசேஷ நாளில், பழசாகப் பழசாக ருசி ஏறியிருக்கும் என்ற நம்பிக்கையில் அதைத் திறப்பார்கள். வாயில் வைத்தால் புளிப்பும் கசப்பும்தான். பழைய ஒயின் என்றாலே இப்படித்தான் போல என்று அதோடு விட்டுவிடுவார்கள்.

அந்தப் பாட்டிலுக்கு வயதாகவில்லை, வெந்துவிட்டது. குளிர்ந்த இருட்டில் இருபது வருடம் கிடந்த ஒயினும், ஈரோட்டில் நான்கைந்து கோடை கண்ட ஒயினும் பார்வைக்கு ஒரே மாதிரிப் பழுப்பாக இருக்கலாம். மூக்கிலும் நாக்கிலும் இரண்டும் வேறு வேறு. புதிதாகச் சுவைக்கப் பழகுபவர் முதலில் பிடிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அதற்கான தடயம் ஒன்று இருக்கிறது.

பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

இளம் ரெட் ஒயினில் துவர்ப்பைத் தருவது டானின், நிறத்தைத் தருவது ஆந்தோசயனின். இரண்டும் திராட்சைத் தோலிலிருந்து வருபவை. டானினில் ஒரு பங்கு விதையிலிருந்தும் வரும். வருடங்கள் போகப் போக இவை ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். அதனால்தான் பழைய ஒயினின் நிறம் வெளுக்கிறது, துவர்ப்பு மென்மையாகிறது, அடியில் வண்டல் சேர்கிறது. இதற்கு ஏற்ற வெப்பநிலை 12 முதல் 14 டிகிரி செல்சியஸ்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அப்படியானால் சூட்டில் வைத்தால் சீக்கிரம் பழசாகிவிடுமே என்று தோன்றும். ஆகாது. எல்லா வினைகளும் ஒரே அளவில் வேகம் எடுப்பதில்லை. பழ மணத்தை அழிக்கிற வினைகளும், காய்ச்சிய பாகு வாசனையை உண்டாக்குகிற வினைகளும் முந்திக்கொள்ளும். மெதுவாக உருவாக வேண்டிய நுட்பமான மணங்களுக்கு இடமே கிடைக்காது.

கொங்கு நாட்டில் இது பெரிய பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருவதால் கோவையும் பொள்ளாச்சியும் கொஞ்சம் தப்பிக்கின்றன. ஈரோடு, கரூர், சேலத்தில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும். அட்டாலியில் வைத்த பாட்டிலுக்கு அதற்கும் மேல். இரவில் மட்டும் ஏசி ஓடுகிற படுக்கையறை பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் ஏறி இறங்கும் வெப்பத்தில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சமையலறையை ஒட்டிய அலமாரியும் வேண்டாம்.

ஒயினுக்கென்றே வரும் சிறிய குளிர்பெட்டி இருந்தால் 13 டிகிரியில் வைத்துவிடலாம். இல்லாவிட்டால் வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பாட்டிலைப் படுக்கவைத்து ஓரிரு வருடம் வரை வைக்கலாம். அங்கே அது மிக மெதுவாகத்தான் முதிரும், ஆனால் கெடாது. ஃபிரிட்ஜ் காற்று வறண்டது, பல வருடம் இருந்தால் கார்க் காய்ந்துவிடும். ஏற்காட்டிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால், வெயில் படாத உள்ளறை ஒன்றே போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். சமவெளியில் எந்த ஏற்பாடும் அந்த அறைக்கு ஈடாகாது.

எதை வாங்குவது

உலகில் விற்கிற ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியது. நீண்ட நாள் தாங்க ஒயினில் புளிப்பும் டானினும் பழச்செறிவும் மூன்றும் இருக்க வேண்டும். பிரான்சின் போர்தோ பகுதியில் கேபர்நே சாவிஞ்ஞோன், மெர்லோ கலந்து செய்பவை, வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் சிரா திராட்சையில் செய்யும் எர்மிதாஜ், இத்தாலியில் நெப்பியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ ஆகியவை இந்த வகை. பரோலோவைக் குறைந்தது 38 மாதம் முதிரவைத்த பிறகே விற்கலாம் என்பது அங்கே சட்டம். அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும்.

முதல் பாட்டிலுக்கு எங்கள் பரிந்துரை ஸ்பெயினின் ரியோஹா, அதிலும் லேபிளில் ‘கிரான் ரெசர்வா’ என்று இருப்பது. குறைந்தது 5 வருடம், அதில் 2 வருடம் ஓக் பீப்பாயில், முதிர்ந்த பிறகே அது கடைக்கு வருகிறது. முதிரவைக்கிற வேலையை அவர்களே தங்கள் குளிர்ந்த நிலவறையில் செய்து முடித்துவிடுகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வாங்கிய உடனே வீட்டு வெயிலில் விடாமல் காப்பது மட்டும்தான்.

இந்திய ஒயின்களில் நந்தி மலைப் பக்கம் குரோவர் ஜம்பாவின் ‘லா ரிசர்வ்’, மகாராஷ்டிரத்தின் ஃப்ராடெல்லியின் ‘செட்டே’ போன்றவை குளிர்ச்சியில் வைத்தால் சில வருடம் நன்றாகத் தாங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் இனிப்பு ஒயினுக்கு அது அருமையான பழம். அந்த ஒயினைப் பழசாக்க வேண்டாம், அதன் அழகே புது மணம்தான்.

டாஸ்மாக் எலைட் கடைகளில் இறக்குமதி ஒயின் கிடைக்கும், பெரும்பாலும் இளம் ஒயின். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒருவர் தீர்வை இல்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். 750 மி.லி. பாட்டில் இரண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். மூடிய டிக்கியில் இரண்டு மணி நேரம் போதும், பத்து வருடப் பாதுகாப்பு வீணாகிவிடும். தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு

படுத்திருந்த பாட்டிலை எடுத்து நேராக நிறுத்துங்கள். வண்டல் அடியில் இறங்கக் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும், 48 இருந்தால் நல்லது. இருபது வருடத்துக்கு மேற்பட்டதன் வண்டல் மாவு போல மெல்லியது, கலங்கினால் எளிதில் அடங்காது. நிறுத்திய இடத்திலிருந்து அதை அசைக்கவே கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் வைப்பதும் கூடாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குலுங்கும்.

இந்த நேரத்தில் பாட்டிலை வெளியிலிருந்து படித்துக்கொள்ளலாம். லேபிளில் உள்ள வருடம் திராட்சை அறுவடை செய்த வருடம். பிறகு ஒயின் மட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தோள் வைத்த போர்தோ வகைப் பாட்டிலில், பத்துப் பன்னிரண்டு வருட ஒயின் கழுத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இருபத்தைந்து, முப்பது வருடம் ஆனது கழுத்தின் அடிவரையோ தோளின் மேல்விளிம்பு வரையோ இறங்கியிருந்தால் இயல்பு. நடுத்தோளுக்கும் கீழே போயிருந்தால் காற்று நிறைய நுழைந்திருக்கிறது. வயது குறைந்த பாட்டிலில் மட்டம் இறங்கியிருந்தால் முதலில் வெயிலைச் சந்தேகப்படுங்கள்.

கார்க் வாய்விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கிறதா, மூடியுறையின் ஓரத்தில் பிசுபிசுப்போ காய்ந்த ஒயின் கோடோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை சூடு பட்டதற்கு வலுவான அடையாளங்கள். உறையை எடுத்ததும் கார்க்கின் தலையில் கருப்பாகப் பூஞ்சணம் இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஈரமான நிலவறையில் ஒழுங்காகக் கிடந்த பாட்டில்களில் அது சகஜம். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும்.

வெப்பநிலை

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது ஐரோப்பாவின் பழைய கல்வீடுகளுக்குச் சொன்னது. நம் அறை வெப்பம் 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கைச் சுடும், மற்ற மணங்கள் அடியில் அமுங்கிவிடும். நல்ல ஒயினைக்கூட வெந்துபோனது என்று தவறாகத் தீர்மானிக்க இதுவே போதும்.

பழைய ரெட் ஒயினைச் சுவைக்க ஏற்றது 16 முதல் 18 டிகிரி. கிளாஸில் ஊற்றியதும் நம் ஊர் அறையில் அது வேகமாகச் சூடேறும் என்பதால் 15 டிகிரியில் ஊற்றத் தொடங்குங்கள். 32 டிகிரியில் இருக்கும் பாட்டில் ஃபிரிட்ஜில் 17-க்கு வர ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் 15 நிமிடம் போதும். வெறும் ஐஸ் அவ்வளவு வேலை செய்யாது, கண்ணாடியை எல்லாப் பக்கமும் தொடுவது தண்ணீர்தான். வண்டல் உள்ள பாட்டிலை வாளிக்குள் செங்குத்தாக, ஆட்டாமல் இறக்குங்கள். பாட்டில் ஃபிரிட்ஜிலேயே இருந்ததென்றால் ஊற்றுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். சமையலுக்கு விற்கும் குச்சி வடிவத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைத்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

கார்க்கை எடுப்பது

புதிய பாட்டிலைத் திறப்பது போல இதைத் திறந்தால் கார்க் உடைந்துவிடும். பழைய கார்க்கின் அடிப்பாகம் ஊறி மெத்தென்றும் மேல்பாகம் காய்ந்து பொரபொரவென்றும் இருக்கும்.

இதற்கு ஏற்ற கருவி இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள ஓப்பனர், ‘ஆ-சோ’ என்று கேட்டால் ஆன்லைனில் கிடைக்கும். நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் விடுங்கள், பிறகு மற்றதை. இரண்டையும் மாற்றி மாற்றி அசைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். நேரே அழுத்தினால் கார்க் உள்ளே விழுந்துவிடும். முழுக்க இறங்கிய பின் திருகிக்கொண்டே மேலே இழுங்கள்.

சாதாரண திருகு ஓப்பனர்தான் இருக்கிறதென்றால், திருகை நட்டநடுவில் வைத்து கார்க்கின் அடிவரை போகும்படி திருகுங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரைக் கையால் எடுங்கள். நெம்புகோல் வைத்த பெரிய இயந்திர ஓப்பனரும், காற்றழுத்தி எடுக்கும் ஓப்பனரும் இதற்கு வேண்டாம். பாதியில் உடைந்தால் திருகைச் சாய்வாகச் செலுத்தி மீதியை எடுக்கப் பாருங்கள். வராவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு மெல்லிய எவர்சில்வர் வடிகட்டி வழியாக ஊற்றலாம், சுவைக்கு ஒன்றும் ஆகாது. வேட்டித் துணியில் வடிகட்டாதீர்கள். கஞ்சியும் சோப்பும் அதில் எப்போதும் கொஞ்சம் தங்கியிருக்கும்.

எடுத்த கார்க்கைப் பாருங்கள். அடியில் சில மில்லிமீட்டர் மட்டும் சிவந்திருந்தால் நல்லது. பக்கவாட்டில் மேல்வரை ஒயின் ஓடிய கோடு இருந்தால் எப்போதோ கசிந்திருக்கிறது, பெரும்பாலும் சூட்டில்.

தெளியவைத்து ஊற்றுதல்

ஒயினை வண்டல் நீக்கி ஊற்றிவைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகேன்டர் இல்லாவிட்டால் அகன்ற கண்ணாடி ஜக் போதும். பாட்டில் கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியோ செல்போன் டார்ச்சோ இருக்கட்டும். ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிமிர்த்தினால் ஒயின் திரும்ப ஓடி வண்டலைக் கிளப்பிவிடும். இருண்ட புகை போன்ற கோடு தோளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். அடியில் 30 முதல் 60 மி.லி. போனால் போகட்டும். அந்த வண்டல் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கசக்கும், பல்லில் நறநறவென்று படும், மற்ற ஒயினையும் கலக்கிவிடும்.

எவ்வளவு நேரம் காற்றாடவிடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பத்து வருடப் பரோலோவோ போர்தோவோ 1 முதல் 2 மணி நேரம் காற்றில் இருந்தால் மணம் திறந்துகொள்ளும். பதினைந்து, இருபது வருடமானதற்கு அரை மணி போதும். அதற்கு மேற்பட்டதைத் தெளியவைத்த கையோடு கிளாஸில் ஊற்றிவிடுங்கள். முதிர்ந்த ஒயினில் மிச்சமிருக்கும் மணம் மெல்லியது, முக்கால் மணி நேரத்தில் எல்லாம் போய்விடவும் கூடும். சந்தேகம் இருந்தால் காத்திருக்காமல் ஊற்றுங்கள். கிளாஸில் அது மெதுவாக விரிவதைக் கூடவே இருந்து பார்க்கலாம்.

கிளாஸும் அறையும்

வாய் குறுகி வயிறு அகன்ற, தண்டு வைத்த கிளாஸ் வேண்டும், கொள்ளளவு 450 முதல் 600 மி.லி. ஒருவருக்கு ஒரு முறைக்கு 50 மி.லி. ஊற்றினால் போதும், ஒரு பாட்டிலை நாலைந்து பேர் இரண்டு மூன்று சுற்றாகச் சுவைக்கலாம். தண்டைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும்.

கிளாஸ் கழுவும் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருப்பூர், ஈரோடு, அவிநாசி போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் கண்ணாடியில் உப்புப் படலம் வெள்ளையாக நிற்கும். நிறமும் தெரியாது, தெளிவும் தெரியாது. கடைசி அலசலுக்கு சிறுவாணியோ வேறு நல்ல தண்ணீரோ எடுங்கள். சோப்பு வாசனை போகிறவரை அலசுங்கள். வாய் கொப்பளிக்கவும் அதே தண்ணீர்தான்.

அறையில் ஊதுபத்தி, சாம்பிராணி இருக்கக்கூடாது. சமையலறையில் தாளித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். தலையில் சத்தியமங்கலம் மல்லிகையைச் சூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் ஒயினின் மணம் யாருக்கும் எட்டாது. சென்ட் வேண்டாம். காப்பி, வெற்றிலை, பல் துலக்குதல் எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏசியை 23 டிகிரியில் வையுங்கள். நேர்காற்று கிளாஸின் மேல் நிற்கும் மணத்தை அள்ளிப்போய்விடும்.

கண்

வெள்ளைத் தாளுக்கு மேலே கிளாஸை 45 டிகிரி சாயுங்கள். நடுநிறம் ஒன்று, விளிம்பு நிறம் ஒன்று. இளம் ஒயினின் விளிம்பு ஊதா கலந்தது. வயதேற ஏற அது மாணிக்கச் சிவப்பு, பிறகு மாதுளைச் சிவப்பு, பிறகு செங்கல் நிறம் என்று மாறிக் கடைசியில் பழுப்பாகும். நெப்பியோலோ ஒரு விதிவிலக்கு, இளமையிலேயே ஆரஞ்சு காட்டும்.

அறுவடை வருடத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். இருபது வருட ஒயின் விளிம்பில் செங்கல் நிறமாகவும் நடுவில் இன்னும் சிவப்பாகவும், பளிச்சென்றும் இருந்தால் அது வயது. ஐந்தாறு வருடக் கேபர்நே நடுவிலும் பழுப்பேறி மங்கியிருந்தால் வெயிலைச் சந்தேகப்படலாம். கண் சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், தீர்ப்பு மூக்கினுடையது.

மூக்கு

முதல் முகர்தல் கிளாஸைச் சுழற்றாமல். மூக்கை உள்ளே விட்டுச் சிறுசிறு மூச்சாக இரண்டு முறை இழுத்து எடுத்துவிடுங்கள். கெட்ட வாசனை ஏதாவது இருந்தால் முதல் மூச்சில்தான் தெளிவாகத் தெரியும், பிறகு மூக்கு பழகிவிடும். அடுத்து மெதுவாக இரண்டு சுற்று சுழற்றி மீண்டும் முகருங்கள். இளம் ஒயினைச் சுழற்றும் வேகம் இதற்கு வேண்டாம்.

வருகிற மணங்களை மூன்று அடுக்காகப் பிரிக்கலாம். திராட்சையிலிருந்து வரும் பழ மணம் முதல் அடுக்கு. இளமையில் நாவல்பழம், ஊட்டி பிளம்ஸ் போல இருப்பது வயதானால் உலர்ந்த அத்தி, பேரீச்சை, கிஸ்மிஸ் பக்கம் போகும். சிரா ஒயினில் மிளகு வாசனை வருவதற்கு ரோட்டண்டோன் என்ற பொருள் காரணம், நம் மிளகிலும் அதேதான் இருக்கிறது. நொதித்தலிலிருந்தும் ஓக் பீப்பாயிலிருந்தும் வருவது இரண்டாவது அடுக்கு: வனிலா, கிராம்பு, வறுத்த வாசனை. கிராம்பில் உள்ள யூஜெனால் ஓக் மரத்திலும் உண்டு.

மூன்றாவது அடுக்கு பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் உருவாவது. பழைய ஒயினைத் தேடிப் போவதே இதற்காகத்தான். தோல், பதப்படுத்திய புகையிலை, காய்ந்த தேயிலை, பென்சில் சீவல், காளான், மழையில் நனைந்த இலைச்சருகு. இந்த வாசனைகளுக்குப் பெயர் சொல்ல முடியாமல்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். அவை எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. ஒரு வாரம் முன்பு சின்ன எவர்சில்வர் டப்பாக்கள் எட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கிராம்பு, ஒன்றில் மிளகு, ஒன்றில் உலர் அத்தி, ஒன்றில் நீலகிரித் தேயிலை, ஒன்றில் வாய்ப்புகையிலைத் துண்டு, ஒன்றில் செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தோல் துண்டு, ஒன்றில் நறுக்கிய மொட்டுக்காளான், ஒன்றில் ஈரமான சருகு. கண்ணை மூடிக்கொண்டு தினமும் ஒரு முறை முகர்ந்து பெயர் சொல்லிப் பழகுங்கள். புகையிலையை முகர்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காளானையும் சருகையும் தினமும் மாற்றுங்கள்.

வெந்த ஒயினில் இந்த மூன்றாம் அடுக்கு இருக்காது. வெல்லப்பாகு, கொதிக்கவைத்த ஜாம், கிஸ்மிஸ் என்று ஒரே ஒரு வாசனை மட்டும் பெரிதாக நிற்கும். அரை மணி கழித்து முகர்ந்தாலும் அதுவேதான். வயதான ஒயின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஊற்றியவுடன், பத்தாம் நிமிடம், இருபத்தைந்தாம் நிமிடம் என மூன்று முறை குறிப்பெழுதுங்கள். மூன்று குறிப்பும் ஒன்றாக இருந்தால் எங்கே பழுது என்று தெரிந்துவிடும்.

வேறு கோளாறுகளையும் அறிந்திருக்க வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி, ஊறிய செய்தித்தாள் வாசனை வந்தால் கார்க்கில் உண்டாகும் டிசிஏ என்ற பொருள் காரணம். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், பழ மணம் முழுக்க அமுங்கிவிடும். காற்றாடவிட்டாலும் போகாது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சுவைக்கவும் எதுவும் இல்லை. நெயில்பாலிஷ், காடி வாசனை மிகுந்தால் பாக்டீரியா வேலை. அடிபட்ட ஆப்பிள் வாசனை வந்தால் ஆக்சிஜன் அதிகம் நுழைந்துவிட்டது. வெந்தய வாசனையை சோட்டலோன் என்ற பொருள் தருகிறது. போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட் மிகப் பழசானால் அது பெருமைக்குரிய மணம், இனிப்பில்லாத ரெட் ஒயினில் தூக்கலாக வந்தால் ஆக்சிஜன் பட்டதன் சாயல். தீக்குச்சி, அழுகிய முட்டை வாசனையும், நெடுநாள் மூடிக்கிடந்த அறை வாசனையும் வந்தால் அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அவை கலைந்துவிடும்.

வாய்

10 முதல் 15 மி.லி. வாயில் எடுத்து, பத்து விநாடி நாக்கின் எல்லாப் பக்கமும் படவிடுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்தால், மணம் வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். இரண்டுக்கும் மேற்பட்ட ஒயின் இருந்தால் துப்பிவிடுங்கள், அதற்கென ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். துப்பினாலும் அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.

புளிப்பு இருக்கிறதா என்று கடைவாயைக் கேளுங்கள். எச்சில் ஊறினால் ஒயின் உயிரோடு இருக்கிறது. டானின் ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தெரியும். இளம் ஒயினில் அது பிஞ்சு நாவல்காய் போல இழுத்துப் பிடிக்கும், வயதானதில் மெல்லிய பொடியாக வாயெங்கும் பரவும். பிறகு விழுங்கியதிலிருந்தோ துப்பியதிலிருந்தோ மணம் எத்தனை விநாடி நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். பத்துக்குள் மறைந்தால் சாதாரணம், முப்பதைத் தாண்டினால் அருமையான ஒயின். வெந்த ஒயினில் நடுவே வெறுமையாக இருக்கும், ஆல்கஹால் தொண்டையில் சுடும், கடைசியில் கசப்பு மட்டும் மிஞ்சும்.

இளம் ஒயினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட விரும்பினால் இரண்டையும் முதலில் முகருங்கள். குடிக்கும்போது பழையதை முதலில் குடியுங்கள். இளம் ஒயினின் டானின் வாயில் படிந்துவிட்டால் பழையதன் நுட்பம் எதுவும் தெரியாது.

கூட என்ன சாப்பிடுவது

சுவைத்துக் குறிப்பெழுதும் வரை எதுவும் வேண்டாம். உப்பில்லாத வெள்ளை ரொட்டித் துண்டு போதும். அதன் பிறகு சாப்பாடு. பள்ளிபாளையம் சிக்கன் எவ்வளவு பிடித்தாலும் இந்த நாளுக்கு ஆகாது. மிளகாயின் காப்சைசினும் ஆல்கஹாலும் வாயில் ஒரே வெப்ப உணர்வியைத் தூண்டுபவை, ஒன்றை ஒன்று ஏற்றிவிடும். ரசம், புளிக்குழம்பு, ஊறுகாய் எல்லாம் ஒயினைத் தட்டையாக்கிவிடும்.

மிளகாய் இல்லாமல் சின்ன வெங்காயம், சீரகம், பூண்டு போட்டு நெய் தாராளமாக விட்ட அரிசிம்பருப்பு சாதம் நன்றாகச் சேரும். மொட்டுக்காளானை நெய்யில் சிவக்க வதக்கி உப்பு மட்டும் போட்டது அதைவிடச் சிறப்பு. உப்பைக் குறைக்காதீர்கள், காளானின் இயல்பான சுவை ஒயினின் கசப்பை எடுத்துக்காட்டும், உப்பு அதைச் சமன்செய்யும். கறி வேண்டுமென்றால் வெள்ளாட்டுக் கறியைக் குறைந்த மிளகில் நெடுநேரம் வேகவைத்துச் சுண்டவைத்தது.

இரண்டு பாட்டில் பயிற்சி

வயதையும் வெயிலையும் வாயால் அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை. மார்ச் முடிவில், ஒரே ஒயின், ஒரே அறுவடை வருடம், விலை குறைந்த இந்திய ரெட் ஒயின் இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஒன்றை ஃபிரிட்ஜில் படுக்கவைத்துவிடுங்கள். மற்றதை எவர்சில்வர் அடுக்கு ஒன்றுக்குள் வைத்து அட்டாலியில் ஏற்றிவிடுங்கள். சூட்டில் கசிந்தால் அடுக்கு பிடித்துக்கொள்ளும். ஜூன் முதல் வாரம் இரண்டையும் 17 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒரே நேரத்தில் திறங்கள். யாராவது ஒருவரை ஊற்றச் சொல்லி, கிளாஸின் அடியில் குறி வைத்து, எது எது என்று தெரியாமல் முகர்ந்து பாருங்கள். பாகு வாசனை, மங்கிய நிறம், வெறுமையான நடு, கடைசிக் கசப்பு நான்கும் ஒரு கிளாஸில் தனியாக நிற்கும். அந்த வாசனையை ஒருமுறை பிடித்துக்கொண்டவர் பிறகு எந்த ஊர்ப் பாட்டிலிலும் அதைத் தவறவிடுவதில்லை. விலையுயர்ந்த பழைய பாட்டிலைத் திறப்பதற்கு முன்பு இதை முடித்துவிடுங்கள்.

பழைய ஒயின் மிஞ்சினால் 375 மி.லி. பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும். இருபது வருடம் தாண்டியது அதுவரைகூட நிற்காது. அன்றே குடிக்க முடியாவிட்டால், அடுப்பில் வேகும் கறியில் ஒரு குவளை ஊற்றி வற்றவிடுங்கள்.